அரங்கின் அளவும் கூத்தின் அளவும்

கலைஞன் ஒருவன் தன் ஊரினின்றும் புறப்பட்டுப் புரவலன் வாழும் பேரூருக்குச் செல்லும் வழியைக் கூறுதற்கென்றே நம் முன்னோர் ஓர் இலக்கிய வகையை அமைத்தனர். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை, 500 அடிகளில், பாணனைக் காஞ்சியில் இருந்த தொண்டைமான் இளந்திரையனிடம் ஆற்றுப்படுத்துகின்றது. கூத்தராற்றுப்படை என்றும் பெயர்பெறும் மலைபடுகடாம், 583 அடிகளில், கூத்தர் கூட்டத்தைச் செங்கண்மாவின் நன்னனிடம் செலுத்துகின்றது. இளந்திரையன் காஞ்சியும் நன்னன் செங்கண்மாவும் இன்று காஞ்சிபுரம், திருவண்ணாமலை என்னும் இரு மாவட்டங்களில் அமைந்துள்ளன. தெருக்கூத்து இந்நாளிலும் உயிரோடு உலவும் நிலம் அவ்விரண்டையும் உள்ளடக்கியதே என்பது கருதத்தக்கது. கூத்தன் அன்று நடந்த நிலத்திலேயே இன்றும் நடக்கின்றான். ஆனால் அவன் சென்றடையும் இடம் மாறிவிட்டது. மன்னன் நாளோலக்கம் இருந்த இடத்தில் இன்று சென்னை மாநகரத்துக் கலையரங்கு நிற்கின்றது.

உத்திரமேரூர் வட்டத்துச் சாலவாக்கத்திலோ அதன் சுற்றூர்களிலோ பிறந்து, பங்குனி சித்திரைத் திங்கள்களில் விடியவிடியக் கூத்துப் பார்த்து வளர்ந்த ஒருவன், தமிழ் முதுகலை பயில நகரம் புகுந்து, ஒரு மாலை அத்தகைய கலையரங்கு ஒன்றினுள் நுழைகின்றான் எனக் கொள்வோம். அவன் காண்பது யாது? அரங்கை அளவுகோலாக வைத்துக் கூத்தை அளந்த கட்டுரைகள் நம்மிடையே பல உள. கூத்தை அளவுகோலாக வைத்து அரங்கை அளந்தவை அரியன. அம்முயற்சியையே ஈண்டு மேற்கொள்கின்றோம்.

முதலில் அவன் காண்பது பருமன். எழும்பூர் அருங்காட்சியகத்தை ஒட்டி 1896-இல் எழுந்த அரங்கு சிறியது. தாழ்ந்த மேடையைச் சூழ்ந்து இருக்கைகள் படிப்படியாக உயர்வது. 1928-இல் தோன்றிய சென்னை மியூசிக் அகாதெமி, 1962-இல் திறந்த தன் அரங்கில் ஏறத்தாழ 1,600 பேரை அமர்த்துகின்றது. பிற பெருநகர்களும் இவ்வழியிலேயே சென்றன. சிங்கப்பூரில் 2002-இல் திறக்கப்பட்ட எஸ்பிளனேடு இரு பேரரங்குகளைக் கொண்டது. மும்பையில் 2023-இல் திறக்கப்பட்ட நீத்தா முகேஷ் அம்பானி பண்பாட்டு மையத்தின் பேரரங்கில் 2,000 இருக்கைகள். அதனோடு 250 பேருக்கும் 125 பேருக்கும் உரிய இரு சிற்றரங்குகளும் உள. ஓர் அரங்கைப் பற்றிப் பேசத் தொடங்கிய உடனே இருக்கைத் தொகையைச் சொல்லும் வழக்கம் நமக்கும் ஒட்டிக்கொண்டது என்பதை இப்பத்தியே காட்டும்.

தமிழ்த்துறையினர்க்கு இப்பெருமையில் ஒரு தனி ஈடுபாடு உண்டு. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையை எடுத்துக் காட்டி, 'இத்துணைப் பெரிய அரங்கக்கலை அன்றே நம்மிடம் இருந்தது' என்று கூறி மகிழ்தல் மேடைதோறும் கேட்கும் ஒன்று. 1892-இல் உ. வே. சாமிநாத ஐயர் அந்நூலை அடியார்க்குநல்லார் உரையொடு பதிப்பித்த நாள்தொட்டு அம்மகிழ்ச்சி தொடர்கின்றது. மகிழ்ச்சி தகும். ஆனால் 'பெரிய' என்னும் அடைமொழி தகுமா என்று அளந்து பார்த்தவர் சிலரே.

இளங்கோவடிகள் அளவுகளை ஐயத்திற்கு இடமின்றித் தந்துள்ளார். இருபத்துநான்கு பெருவிரல் கொண்டது ஒரு கோல். அக்கோலால் அரங்கின் அகலம் ஏழு, நீளம் எட்டு, தரையினின்று உயரம் ஒன்று, அரங்கின் தளத்துக்கும் மேலே இட்ட உத்தரத்துக்கும் இடைவெளி நான்கு. பெருவிரலின் அகலத்தை முக்கால் அங்குலம் எனக் கொண்டால் கோல் ஒன்றரை அடியாகும். இடைவெளி ஆறடியே கிட்டும். தலைக்கோலமும் உயர்த்திய கையும் உடைய ஆடன்மகள் ஆறடி உத்தரத்தின்கீழ் ஆடுதல் இயலாது. ஆகவே விரலை ஓர் அங்குலமாகக் கொள்வதே பொருந்தும். அவ்வாறு கொள்ளின் கோல் 2 அடி. அரங்கு 14 அடி அகலமும் 16 அடி நீளமும் 2 அடி உயரமும் உடையது. உத்தரம் 8 அடியில் நிற்கும். பரப்பு 224 சதுர அடி. நம் கல்லூரி வகுப்பறைகள் பல இதனினும் பெரியன!

சோழ மன்னன் முன்னிலையில், புகாரின் தலைசிறந்த ஆடன்மகள், ஏழாண்டுப் பயிற்சிக்குப்பின் அரங்கேறிய இடத்தின் அளவு இது. சிறுமை வறுமையால் வந்ததன்று. பூம்புகார்க்குப் பொருட்குறை இல்லை. அளவின் தொடக்கம் மாந்தன் கைவிரலில் இருத்தலை நோக்குக. உடலினின்றும் பெறப்பட்ட அளவு உடலைக் காண்பதற்கு உரிய தொலைவைத் தானே வகுத்துவிடுகின்றது. விழியின் அசைவும் விரலின் முடக்கும் காண்பார்க்கு எட்ட வேண்டும் என்பதே அவ்வரங்கின் இலக்கணம். விளக்குகளைப் பற்றி அடிகள் கூறுவதும் இக்கருத்தையே வலியுறுத்தும்: தூண்களின் நிழல் ஆடுமிடத்திலும் அவையிலும் விழாமல் புறத்தே விழுமாறு விளக்கு அமைத்தனர். ஆடுபவள்மேல் ஒரு கோட்டு நிழல் விழுந்தாலும் குறை என்று கருதிய அவையினர் மிக அண்மையில் அமர்ந்திருத்தல் வேண்டும் அன்றோ?

இனிக் களரிக்கு வருவோம். சாலவாக்கத்துப் பக்கத்து ஊர்களில் கூத்துக்குக் களரி வகுப்போர் எவரும் கோல்கொண்டு அளப்பதில்லை. கோயில் முன்றிலிலோ அறுவடை முடிந்த வயலிலோ, முகவீணை, ஆர்மோனியம், மிருதங்கம், தாளம் ஆகியவற்றோடு பின்பாட்டுக்காரர் அமரும் பலகை ஒன்று இடப்படும். அதற்கு முன்னே ஆடுமிடம். மூன்று புறமும் மக்கள். பெட்ரோமாக்ஸ் விளக்கு இருந்த காலத்தில் அதன் ஒளி எட்டும் எல்லையே களரியின் எல்லையாக இருந்தது. மின்விளக்கு வந்தபின்னும் அவ்வெல்லை பெரிதும் மாறவில்லை. நாம் அடியிட்டுப் பார்த்த களரிகள் பதினைந்தடி முதல் இருபதடிக்குள் அடங்கின. மாதவியின் அரங்கோடு இஃது ஒத்திருத்தல் வியப்பன்று. இதனைக்கொண்டு தெருக்கூத்து நேரே சிலப்பதிகாரத்தினின்று இறங்கியது என்று மரபுவழி வரைய நாம் துணியவில்லை; அத்தகைய வரைவுகளால் இத்துறை பட்ட இடர் போதும். மாந்த உடலும் மாந்தக் கண்ணும் அன்றும் இன்றும் ஒன்றாகலின், அவற்றை மதித்த இரு கலைகளும் ஓரளவினவாய் அமைந்தன என்பதே நாம் கொள்வது.

திரையைப் பற்றியும் ஒரு சொல். ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என்னும் மூன்றும் நாம் அறிந்தவை. முதலது ஒரு பக்கத்தினின்று இழுக்கப்படுவது. அடுத்தது இரு பக்கமும் வந்து பொருந்துவது. மற்றது மேலிருந்து இறங்குவது. கூத்தின் திரை இம்மூன்றனுள் எதிலும் அடங்காது. இருவர் கையில் பிடித்து நிற்கும் ஒரு துணியே அது. வேடம் புனைந்தோன் அதன் பின்னின்று பாடுகின்றான்; மேலே கட்டை மகுடம் தெரிகின்றது, கீழே சலங்கைக் கால் தெரிகின்றது, இடையில் உள்ளவனைக் காண ஊரே கழுத்தை நீட்டுகின்றது. திரை விலகுமுன்பே பாத்திரம் அவையின் உள்ளத்தில் பாதி வந்துவிடுகின்றது. நகர அரங்கில் பொறியால் இயங்கும் பெருந்திரை இருக்க, இக்கைத்திரை எதற்கு என்று கேட்ட அமைப்பாளரும் உளர்.

நாம் ஒரே நாடகத்தை இரு இடத்தும் கண்டோம். கர்ண மோட்சம் அது. நகரத்துப் பெருங்கலையரங்கு ஒன்றில் ஒன்றரை மணி நேரம். காஞ்சிபுரத்துக்குத் தெற்கே ஓர் ஊரில் இரவு பத்து மணிக்குக் களரி கட்டி விடிய முடிந்தது. ஆடியோர் இரு குழுவினரும் தேர்ந்தவர்களே. ஆதலின் வேறுபாட்டிற்கு ஆடுவோர் திறமையைக் காரணமாகச் சொல்லுதல் ஆகாது.

நகரத்தில் எஞ்சியவை போரும் சாவும். கர்ணனின் வருகை, அருச்சுனனோடு எதிர்ப்பு, மறையவன் வேடத்தில் கண்ணன் வந்து புண்ணியத்தைக் கேட்டுப் பெறுதல், குந்தியின் புலம்பல். ஒவ்வொன்றும் நன்றாகவே அமைந்தது, கைதட்டலும் பெற்றது. ஆனால் பொன்னுருவி இல்லை. தேரோட்டி மகன் என்று கணவனை இகழ்ந்தவளிடம் அவன் தன் பிறப்பின் உண்மையைச் சொல்லி விடைபெறும் பகுதி முழுவதும் நீக்கப்பட்டிருந்தது. நேரம் போதாமையே காரணமாகலாம். ஊரில் அப்பகுதி நள்ளிரவு கடந்து தொடங்கி நெடுநேரம் நடந்தது. இடையிடையே கட்டியக்காரன் புகுந்து, கணவன் மனைவி இருவரையும் நையாண்டி செய்து, அவையில் அமர்ந்த பெண்களை நோக்கி 'உங்கள் வீட்டில் எப்படி?' என்று வினவினான். அவர்களும் விடாது மறுமொழி கூறினர். பின்னர் அவள் உண்மை அறிந்து அவனைப் போருக்குப் போகவிடாமல் மறித்தபோது, சிறிது நேரத்துக்கு முன் சிரித்த அப்பெண்களே முந்தானையால் கண்ணைத் துடைத்தனர்.

இஃது ஒரு காட்சி குறைந்த குறை மட்டும் என்று நாம் எண்ணவில்லை. பொன்னுருவி நீங்கினால் கர்ணன் கொடையாளி ஆகின்றான். கொடையாளி மட்டுமே ஆகின்றான். பிறப்பால் இழிக்கப்பட்ட ஒருவன் தன் வீட்டிற்குள்ளேயே அவ்விழிவைச் சுமந்தான் என்பதும், அவ்விழிவு நீங்கும் நேரமே அவன் சாகப் புறப்படும் நேரம் என்பதும் கூத்து தரும் கர்ணனின் உயிர்நிலை. பாரதக் கதையை நூலில் படித்தோர்க்கும் கூத்தே இதனை உணர்த்துகின்றது. அதனை வெட்டியபின் நாம் பார்த்தது கூத்தின் வண்ணத்தை. கூத்தின் கருத்தை அன்று. நகர அவை வண்ணத்தைக் கண்டு 'எத்துணை அழகு!' என்றது. அப்பாராட்டு நம் செவிக்கு வருத்தமாகவே இருந்தது.

காலத்தைப் பற்றிய இவ்வேறுபாட்டை வள்ளுவர் வழியாகவும் நோக்கலாம். செல்வம் வந்து சேர்வதையும் நீங்குவதையும் கூத்தாடும் அவைக்கு மக்கள் கூடுவதோடும் கலைவதோடும் அவர் ஒப்பிட்டார். சிறிது சிறிதாகக் கூடுதலும் ஒருசேரக் கலைதலும் அவ்வவையின் இயல்பு என்று உரைகாரர் விளக்குவர். ஊர்க் கூத்தில் இன்றும் அவ்வாறே. முதலில் சிறுவர் பாய் விரித்து இடம் பிடிப்பர். இரவுணவு முடித்துப் பெண்டிர் வருவர். நீர்பாய்ச்சி வருவோர் இன்னும் பிந்துவர். பொழுது புலர்ந்ததும் அனைவரும் ஒன்றாக எழுவர். நகர அரங்கிலோ மணியடித்ததும் அனைவரும் ஒருசேர அமர்வர். கலைவது சிறிது சிறிதாக. வண்டி நிறுத்திய இடத்தில் நெரிசலுக்கு அஞ்சிக் குந்தியின் புலம்பலுக்கு முன்பே எழுந்து போனோரை நாம் எண்ணினோம்; எண்ணிக்கையை எழுதுவது நாகரிகம் அன்று.

இவ்வேற்றுமைக்கு அடிப்படை, வேத்தியல் பொதுவியல் என்னும் பகுப்பைப் பிழைபடக் கொண்டமையே என்பது நம் துணிபு. ஆடலாசிரியனது இலக்கணம் கூறுமிடத்து இருவகைக் கூத்தும் அவன் அறிந்திருத்தல் வேண்டும் என்கின்றார் அடிகள். அவ்விருவகை எவை என்பதற்கு அடியார்க்குநல்லார் பல இணைகளைத் தருகின்றார். வேத்தியல் பொதுவியல் அவற்றுள் ஒன்று. வேந்தர்க்கு ஆடுவதும் ஏனையோர்க்கு ஆடுவதும் எனப் பொருள்படும் அவ்விணையை இக்காலத்தார் உயர்வு தாழ்வாகக் கொண்டுவிட்டனர். நகரக் கலையரங்கின் நிகழ்ச்சி நிரலை எடுத்து நோக்குக. பரதநாட்டியத்திற்கு ஒரு முழு மாலை; 'நாட்டுப்புறக் கலை' என்னும் தலைப்பின்கீழ்க் கரகமும் காவடியும் கூத்தும் சேர்ந்து ஒரு மாலை. ஆடலாசிரியன் ஒருவனே இரண்டையும் அறிந்திருத்தல் வேண்டும் என்று விதித்த நூலை மேற்கோள் காட்டிக்கொண்டே, இரண்டையும் இரு சாதியாக்கிவிட்டோம். மாதவி ஆடிய பதினோராடலுள் குடக்கூத்தும் மரக்காலும் பாவையும் இருந்தமை நினைவில் இருந்தால் இது நேர்ந்திராது.

பெயரிலும் இச்சிக்கல் உண்டு. 'தெரு' என்னும் சொல்லின் இழிபொருள் தம்மேல் ஒட்டுகின்றது என்று கருதிய காஞ்சிபுரப் பகுதிக் கலைஞர் 'கட்டைக்கூத்து' என்னும் பெயரை விரும்பினர். மகுடம், புயக்கட்டை முதலிய மரத்தாலான அணிகளால் வந்த பெயர் அது. 1990-இல் அமைந்த கட்டைக்கூத்துச் சங்கம் அப்பெயரையே தாங்கியது. அச்சங்கத்தோடு இணைந்து உழைத்த ஹன்னே டி புருயின் 1999-இல் வெளியிட்ட ஆங்கில நூலும் அப்பெயரையே தலைப்பாகக் கொண்டது. நாம் இக்கட்டுரையில் கூத்து என்னும் பழம்பெயரோடு அமைகின்றோம். தெருவில் ஆடுவது இழிவு என்னும் எண்ணத்துக்கு இடங்கொடுக்க மனமில்லை, கலைஞர் தமக்கு வேண்டும் பெயரை மறுக்கவும் உரிமையில்லை.

நகரத்தால் கூத்துக்கு நன்மையே விளையவில்லை என்று கூறுதல் நடுவுநிலை ஆகாது. 1891-இல் பம்மல் சம்பந்த முதலியார் நிறுவிய சுகுண விலாச சபை கற்றவரை மேடையேற்றியது. அம்மேடை கூத்தை நெடுநாள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அந்நிலையை மாற்றியோருள் ந. முத்துசாமி தலையாயவர். செய்யாற்றுப் பக்கத்துப் புரிசையின் தம்பிரான் மரபினர் ஆடிய கூத்தைக் கண்டு, தமிழ் நாடகத்தின் வேர் இங்கே உளது என்று உணர்ந்து எழுதினார். 1977-இல் சென்னையில் கூத்துப்பட்டறையைத் தொடங்கினார். நகரத்து நடிகர் கூத்தனிடம் மாணாக்கராய் அமர்ந்தது அதன்பின்னரே. நகர மேடையேறிய கூத்தனை அவன் ஊரே புதுமதிப்போடு நோக்கியதும் உண்டு. அவனுக்குக் கிடைத்த ஊதியமும் சிறிதன்று.

கலையின் இயல்பைக் கேட்டறிந்து கட்டிய அரங்குகளும் இல்லாமல் இல்லை. மும்பையில் நாட்டிய இசைக் கலைகளுக்கான தேசிய மையம் 1980-இல் திறந்த டாட்டா அரங்கை வகுத்தவர் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் பிலிப் ஜான்சன். இந்திய இசைக்கும் ஆடலுக்கும் அண்மை வேண்டும் என்பது அவர்க்கு எடுத்துரைக்கப்பட்டது. ஏறத்தாழ ஆயிரம் பேர் அமரினும் மேடையினின்று எவரும் மிகத் தொலைவில் இராதவாறு விசிறிபோல் விரிந்த அமைப்பை அவர் கண்டார். 1936-இல் ருக்மிணி தேவி நிறுவிய கலாட்சேத்திரம், திருவான்மியூரில் தன் அரங்கைக் கேரளக் கோயில்களின் கூத்தம்பலத்தைத் தழுவி அமைத்தது. அப்பணியில் துணைநின்றவர் பொறியாளரும் கூடியாட்டம் வல்லவருமான அப்புக்குட்டன் நாயர். நம் சாலவாக்கத்து மாணவன் அவ்வரங்கினுள் நுழைவானாயின், பிற அரங்குகளில் உணராத ஓர் அணுக்கத்தை உணர்வான். அங்கும் அவன் ஒன்றை வினவக்கூடும். கூடியாட்டத்துக்கென்று கேரளம் வளர்த்த அம்பலத்தின் வடிவம் சென்னையில் எழுந்தது நன்று; நாற்பது கல் தொலைவுக்குள் இரவுதோறும் வகுக்கப்பட்ட களரியின் வடிவம் சென்னையில் எந்தப் பெருங்கலையரங்கிலேனும் எழுந்ததா?

எழாமைக்கு ஒரு தடை உண்மையில் உளது. கூத்து இரவு முழுதும் நடப்பது. அரங்கின் காவலரும் விளக்காளரும் நள்ளிரவுக்கு மேல் இருத்தல் இயலாது. காவல்துறையின் ஒலிபெருக்கிக் கட்டுப்பாடும் உண்டு. ஆயினும் இருநூறு பேர் சுற்றி அமரும் களரிக்கு ஒலிபெருக்கி எதற்கு? இரண்டாயிரம் பேர்க்கு ஆடுவதனாலேயே ஒலிபெருக்கி வந்தது. அதனால் முகவீணை கீச்சிட்டது. அதனால் 'கூத்து இரைச்சல்' என்னும் பழி வந்தது. அளவு பிழைத்ததால் விளைந்தவற்றைக் கலையின் குறையாக எண்ணினோம். ஆண்டுக்கு ஓர் இரவேனும் ஒரு பேரரங்கு தன் முற்றத்தைத் திறந்து, பாய் விரித்து, முழுக்கூத்தை விடியும்வரை ஆடவிடுதல் செய்யக்கூடாத செயல் அன்று.

அதனினும் பெரிய கவலை பயிற்சியைப் பற்றியது. காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில், கூத்துக் கலைஞர் பெ. இராஜகோபாலும் ஹன்னே டி புருயினும் 2002-இல் தொடங்கிய கட்டைக்கூத்துக் குருகுலம், பொதுக்கல்வியையும் கூத்தையும் ஒருங்கே கற்பித்தது. ஆண்களுக்கே உரியதாயிருந்த அக்கலையில் சிறுமியரும் அங்கே பயின்று வேடம் கட்டினர்; அஃதொன்றே அதன் பெயரை வரலாற்றில் நிறுத்தப் போதும். 2020-இல் அப்பள்ளி மூடப்பட்டது. அரங்கு கட்டுவோர் கூத்தன் எங்கோ தானே முளைப்பான், அழைத்தால் வருவான் என்று எண்ணுகின்றனர். ஒரு பொன்னுருவியை ஆட்டுவதற்குப் பல ஆண்டுப் பயிற்சி வேண்டும். அரங்கேற்று காதை அரங்கின் அளவைச் சொல்லுமுன்பு ஆடலாசிரியனையும் இசையாசிரியனையும் முழவோனையும் குழலோனையும் யாழ்ப்புலவனையும் வரிசையாகச் சொன்னமை ஈண்டு நினைக்கத்தக்கது. ஆசிரியர் முன்னர், கட்டடம் பின்னர்.

இவ்விதழைப் படிக்கும் முதுகலை மாணாக்கர்க்கு ஒரு பணி காத்திருக்கின்றது. கூத்து நூல்களை அச்சுப் பிரதிகளினின்று ஒப்புநோக்கும் ஆய்வுகள் வந்துள்ளன. ஆயின் ஒரு கூத்தின் எப்பகுதி இரவின் எப்பொழுதில், எத்துணை நேரம், எவர் விழித்திருக்க ஆடப்படுகின்றது என்று ஊர்தோறும் இருந்து குறித்தல் வேண்டும். விராட பருவத்து மாடுபிடி சண்டையை மழை வேண்டி ஆடும் ஊரில் அதன் நேர அளவு வேறாகலாம். பதினெட்டாம் போரன்று படுகளத்தில் கிடக்கும் துரியோதனனின் மண்ணுருவை நோக்கி நகரும் கூத்துக்குக் களரியின் எல்லையே வேறு. இக்குறிப்புகள் கிடைத்தால், நகரத்தில் ஒன்றரை மணி நேரம் கேட்கும் அமைப்பாளரிடம் எதனை வெட்டலாம், எதனை வெட்டின் நாடகமே வெட்டுப்படும் என்று கூத்தன் சொல்வதற்குச் சான்று கிட்டும். உத்திரமேரூர் வட்டத்து ஊர்களில் தொடங்கலாம். பேருந்து சாலவாக்கம் வரை செல்கின்றது. மாலையில் சென்று காலையில் மீளலாம். கையில் ஒரு பாயும் கடிகாரமும் கொண்டு செல்க.